மாலை யார் கழுத்துக்கு?

பொங்கல் கழிந்து களத்துமேடு காலியானதும் நமது கிராமங்களில் வலை கட்டும் காலம் வந்துவிடுகிறது. இரண்டு சவுக்குக் கம்பங்கள், ஒரு வலை, ஒரு பந்து, சுண்ணாம்பு கொஞ்சம். இவ்வளவுதான் முதல். பகலெல்லாம் கரும்பு வெட்டியவனும், மில்லில் முதல் ஷிப்டு முடித்து சைக்கிளில் வந்தவனும் கோட்டுக்குள் இறங்கி நிற்கிறார்கள். மூன்று நாள் போட்டி நடக்கிறது. கடைசி நாள் இரவு பரிசளிப்பு விழா. வாலிபால் விளையாடும் ஊர்களில் இதைப் பார்க்காதவர் இருக்க முடியாது.

அந்தப் பரிசளிப்பு விழாவைப் பற்றித்தான் இந்த வாரம் நாம் எழுத விரும்புகிறோம். இது சின்ன விஷயம் என்று சில தோழர்கள் நினைக்கக் கூடும். சின்ன விஷயமல்ல என்பதே நம் அபிப்பிராயம்.

விழா எப்படி நடக்கிறது? மேடையில் பத்து நாற்காலிகள் போடப்படுகின்றன. நன்கொடை கொடுத்த ரைஸ் மில்காரர், கந்துவட்டிக் கடைக்காரர், காண்ட்ராக்டர், அடுத்த தேர்தலுக்குத் தயாராகும் பிரமுகர் ஆகியோர் அவற்றில் அமருகிறார்கள். ஒவ்வொருவருக்கும் சால்வை, மாலை. ஒவ்வொருவரும் இளைஞர் சமுதாயத்துக்குப் புத்திமதி. ஆடியவர்கள் எங்கே? வேர்வை காயாத பனியனோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இரவு பதினோரு மணிக்குக் கோப்பை வருகிறது. காப்டன் கைநீட்டி வாங்குகிறான். போட்டோவில் கோப்பையைப் பாதி மறைத்துக்கொண்டு நன்கொடையாளர் சிரிக்கிறார். விடிந்தால் அவன் கரும்புக் காட்டுக்குப் போகவேண்டும். கோப்பை ஏதாவதொரு டீக்கடை அலமாரிக்குப் போகும்.

சென்ற ஆண்டு இப்படிப்பட்ட ஒரு விழாவுக்கு நாமும் போயிருந்தோம். கூட்டத்தின் பின்னால் வேப்பமரத்தடியில் ஒரு பெரியவர் நின்றிருந்தார். முப்பது வருஷமாக அந்த மைதானத்துக்குச் சுண்ணாம்புக் கோடு போடுபவர் அவர்தான் என்று பக்கத்திலிருந்த இளைஞர் சொன்னார். பந்து கிழிந்தால் தைத்தவர், சின்னப் பிள்ளைகளுக்குச் சர்வீஸ் போடக் கற்றுக் கொடுத்தவர், விசில் ஊதி நடுவராய் நின்று இரு பக்கத்து வசவையும் வாங்கியவர் எல்லாம் அவர்தான். அன்று அவர் பெயரை யாரும் சொல்லவில்லை. "உங்களை மேடைக்குக் கூப்பிடவில்லையா, அண்ணே?" என்று கேட்டோம். "மேடைக்கு நான் எதுக்கு? காலையில் கம்பத்தைப் பிடுங்கி வைக்கணும், அதுக்காக நிக்கிறேன்" என்றார்.

அந்தப் பதில் இன்றும் நம் காதில் நிற்கிறது. ஏனென்றால், ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம், அந்த மேடையில் போட்டிருந்த பத்து நாற்காலிகளில் ஒன்றில் நாம் உட்கார்ந்திருந்தோம். நமக்கும் ஒரு சால்வை விழுந்தது. நமது தொழிற்சங்கங்களும் வாலிபர் அமைப்புகளும் நடத்துகிற போட்டிகளிலும் பல சமயம் இதே கதைதான். நன்கொடைக்காக யாரையாவது பிடிக்கிறோம். பிடித்தவரை மேடையேற்றுகிறோம். சுயவிமர்சனம் வீட்டிலிருந்து தொடங்கட்டும்.

இந்த ஆட்டம் எங்கிருந்து வந்தது? 1895ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாகாணத்தில், ஹோலியோக் என்ற ஊரில் வில்லியம் மார்கன் என்பவர் இதை உண்டாக்கினார். ஹோலியோக் காகித மில்களின் ஊர். ஆனால் அவர் இதை மில் தொழிலாளிக்காக உண்டாக்கவில்லை. கூடைப்பந்து ஆடி மூச்சு வாங்கிய நடுவயது வியாபாரிகளுக்காக, அவர்கள் உடம்பு நோகாமல் ஆடுவதற்காக உண்டாக்கினார். முதலில் வைத்த பெயர் 'மின்டனெட்'. மறு வருஷமே அது வாலிபால் என்று மாறியது.

வியாபாரிகளின் தொந்தியைக் கரைக்கப் பிறந்த ஆட்டம் உழைப்பாளிகளின் கைக்கு எப்படி வந்தது? காரணம் கண்ணெதிரே இருக்கிறது. ஆடுகளம் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். நம் கணக்கில் சொன்னால் நான்கு சென்ட் நிலம். சுற்றிலும் ஓட மூன்று மீட்டர் விட்டாலும் ஒன்பது சென்டுக்குள் அடங்கிவிடும். மட்டை வேண்டாம், புல்தரை வேண்டாம், பூட்ஸ்கூட இல்லாமல் ஆடலாம். ஒரே பந்தில் பன்னிரண்டு பேர் ஆடலாம். காசு இல்லாதவனுக்கு இதைவிடத் தோதான ஆட்டங்கள் அதிகமில்லை. அதனால்தான் இது பஞ்சாபின் வயற்காட்டிலும், மலபாரின் மலையோரத்திலும், நமது காவிரிக்கரையிலும் வேர் பிடித்தது.

இந்த ஆட்டத்துக்கு இன்னொரு குணமும் உண்டு. பந்தை யாரும் பிடித்து வைத்துக்கொள்ள முடியாது. ஒருவரே தொடர்ந்து இரண்டு முறை தொடவும் முடியாது. ஒருவர் எடுக்க, இன்னொருவர் தூக்க, மூன்றாமவர் அடிக்க வேண்டும். கைதட்டல் அடித்தவருக்குப் போகிறது. ஆனால் தரையோடு விழுந்து பந்தை எடுத்தவர் இல்லாமல், அளவாகத் தூக்கிக் கொடுத்த லிஃப்டர் இல்லாமல் அந்த அடி உண்டா? பஞ்சு பிரித்தவர், நூல் நூற்றவர், தறியில் நின்றவர் எல்லாரையும் மறந்துவிட்டு ஜவுளிக்கடைக்காரரைப் பாராட்டினால் நமக்குக் கோபம் வருகிறது. மைதானத்திலும் அந்தக் கோபம் வரவேண்டாமா?

பாராட்டுக்கும் பாராட்டுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்க, மில் தொழிலாளர்களான வாசகர்களுக்கு ஒரு உண்மைக் கதையைச் சொல்லுகிறோம்.

ஜப்பானில் ஒசாகா அருகே கைசுகா என்ற ஊரில் நிச்சிபோ கம்பெனியின் நூற்பாலை இருந்தது. அந்த ஆலையில் வேலை பார்த்த இளம் பெண்களைக் கொண்டு 1950களில் ஒரு வாலிபால் குழு அமைந்தது. பயிற்சியாளர் ஹிரோபுமி டாய்மாட்சு, காப்டன் மசாயே கசாய். பகலில் ஆலையில் வேலை. வேலை முடிந்தபின் நள்ளிரவு வரை பயிற்சி. பந்துக்காகத் தரையில் பாய்ந்து, உருண்டு, உருண்ட வேகத்திலேயே எழுந்து நிற்கும் வித்தையை அவர்கள் உலகத்துக்குக் காட்டினார்கள். உயரத்திலும் பலத்திலும் மிஞ்சிய அணிகளை இந்த வித்தையால் எதிர்த்து நின்றார்கள். பெண்களுக்கான உலகப் போட்டியில் 1952, 1956, 1960 ஆகிய மூன்று முறையும் வென்றவர்கள் சோவியத் பெண்கள். 1962ல் அதே மாஸ்கோவில் அவர்களை வென்று கைசுகா பெண்களைக் கொண்ட ஜப்பான் உலகப் பட்டத்தை எடுத்தது.

அதன்பின் ஓய்வு பெற விரும்பினார்கள். நாடு விடவில்லை. 1964ல் டோக்கியோவில் ஒலிம்பிக் போட்டி வந்தது. ஒலிம்பிக்கில் வாலிபால் சேர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை. 1964 அக்டோபர் 23ந் தேதி மீண்டும் சோவியத் அணியுடன் ஆட்டம். 15-11, 15-8, 15-13 என்ற கணக்கில் ஜப்பான் வென்றது. அன்று ஜப்பான் முழுவதும் வேலையைப் போட்டுவிட்டு டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்திருந்தது. தங்கப் பதக்கம் வாங்கியவர்களில் பெரும்பாலோர் ஒரே நூற்பாலையின் ஊழியர்கள்.

மில் தொழிலாளி நெஞ்சு நிமிரும்படியான வெற்றி இது. சந்தேகமில்லை. தோற்றது சோவியத் அணி என்பதற்காக நாம் இதைக் குறைத்துச் சொல்லப் போவதுமில்லை. ஆனால் இந்தப் படத்தின் மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். வேலை நேரத்துக்குப் பின் நள்ளிரவு வரை உடம்பை வருத்தியவர்கள் அந்தப் பெண்கள். அடிபட்டாலும் ஆடு என்பதே அங்கே சட்டமாயிருந்தது. கம்பெனிக்குக் கிடைத்ததோ உலகமெங்கும் விளம்பரம். பயிற்சியாளர் டாய்மாட்சு 1968ல் ஆளுங்கட்சியின் சார்பில் பார்லிமெண்டின் மேல்சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். கம்பெனி 1969ல் இன்னொன்றோடு இணைந்து பெயர் மாறியது. 2000ல் அந்த ஆட்டக்குழுவே வேறொரு கம்பெனியின் கைக்குப் போய்விட்டது. முதலாளி கொடுக்கும் மரியாதை முதலாளிக்குத் தேவையுள்ள வரைதான் நிற்கும் என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

இங்கேயும் அதுதானே நடந்தது? மில்களுக்கும் ஆலைகளுக்கும் ஆட்டக்குழுக்கள் இருந்த காலம் ஒன்றுண்டு. நன்றாக ஆடுகிறவனைத் தேடி வேலை கொடுத்தார்கள். மில் கதவு மூடிய இடங்களில் குழுவும் மூடியது. ஆடியவன் வீட்டுச் சுவரில் ஒரு போட்டோ மட்டும் மிஞ்சியது. ரெயில்வே, பெரம்பூர் இணைப்புப்பெட்டித் தொழிற்சாலை, பொதுத்துறை வங்கிகள் ஆகியவை பல ஆட்டக்காரர்களுக்குச் சோறு போட்டன. அதையும் நன்றியோடு சொல்லவேண்டும். அந்த வேலைகளும் சுருங்கிவரும் காலத்தில் ஊரின் பாராட்டும் இல்லையென்றால் ஆடும் பையனுக்கு என்னதான் மிஞ்சும்?

இன்னொரு உதாரணம் பாருங்கள். கேரளத்தில் கண்ணூர் மாவட்டத்துப் பேராவூர் ஒரு மலையோரச் சிற்றூர். அங்கே 1955ல் பிறந்தவர் ஜிம்மி ஜார்ஜ். தகப்பனார்தான் முதல் ஆசான். சகோதரர்கள் எட்டு பேரும் வாலிபால் ஆடியவர்கள். சகோதரர்களே ஒரு அணியாக இறங்கி ஆடிய குடும்பம் அது. ஜிம்மி 1976ல், இருபத்தொரு வயதில் அர்ஜுனா விருது பெற்றார். பின்னர் இத்தாலிக்குச் சென்று அங்கே ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரர்களோடு நின்று ஆடினார். 1986ல் சியோல் ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலம் வென்றபோது அணியில் இருந்தார். 1987 நவம்பர் 30ந் தேதி இத்தாலியில் கார் விபத்தில் மாண்டார். வயது 32.

கேரள ஜனங்கள் அவரை மறந்துவிடவில்லை. திருவனந்தபுரத்தில் உள்விளையாட்டரங்குக்கு அவர் பெயர் இருக்கிறது. அவர் பெயரால் ஒரு விருது ஏற்பட்டு, வருஷந்தோறும் ஒரு விளையாட்டு வீரருக்கு வழங்கப்பட்டு வந்திருக்கிறது. அந்த மண்ணில் ஆட்டம் தழைத்ததில் இந்த நினைவுக்கும் பங்குண்டு. பேராவூர்ப் பையன் ஒருவன் உலகம் போனான் என்று தெரிந்தால்தான் அடுத்த ஊர்ப் பையன் பந்தைத் தொடுவான்.

நாம்? 1961ல் இந்திய சர்க்கார் அர்ஜுனா விருதைத் தொடங்கிய முதல் வருஷத்திலேயே வாலிபாலுக்காக அதைப் பெற்றவரின் பெயர் ஏ. பழனிசாமி. பெயரைக் கேட்டாலே நம் வீட்டுப் பெயர் என்று தெரிகிறது. 1958ல் டோக்கியோ ஆசிய விளையாட்டில் இந்தியா வெண்கலமும், 1962ல் ஜகார்த்தாவில் வெள்ளியும் வாங்கிய காலம் அது. இன்று ஊர் மைதானத்தில் ஆடும் நூறு பையன்களை நிறுத்தி இந்தப் பெயரைக் கேட்டுப் பாருங்கள். எத்தனை பேர் சொல்லுவார்கள்? சினிமா நட்சத்திரத்தின் பிறந்த நாள் தெரிந்த பையனுக்கு இது தெரியாமல் போனது பையனின் குற்றமல்ல. சொல்லித்தராத நமது குற்றம்.

இங்கே ஒரு தோழர் குறுக்கிட்டுக் கேட்கலாம்: "கூலி உயர்வு கிடைக்கவில்லை, நூறு நாள் வேலைக் கூலி பாக்கி, மில்லில் கான்ட்ராக்ட் முறை. இந்த நேரத்தில் பந்தாட்டத்துக்கு மாலை போடுவது பற்றித் தலையங்கமா?"

நியாயமான கேள்வி. பதில் சொல்லுகிறோம். 1886ல் சிகாகோ தொழிலாளிகள் எட்டு மணி நேர வேலை கேட்டபோது, மிச்ச நேரம் முழுதும் தூங்குவதற்கென்று கேட்கவில்லை. எட்டு மணி நேரம் வேலை, எட்டு மணி நேரம் ஓய்வு, எட்டு மணி நேரம் தமக்கென்று கேட்டார்கள். 'தமக்கென்று' என்ற அந்த மூன்றாவது எட்டு மணியில்தான் படிப்பு இருக்கிறது, பாட்டு இருக்கிறது, பிள்ளைகளைக் கொஞ்சுவது இருக்கிறது, பந்தாட்டமும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் மசோதா நிறைவேறியதும், தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்ததும், மே தினத்தன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் வாசகர்களுக்கு நினைவிருக்கும். அந்த மசோதா நிலைத்திருந்தால் மாலை ஐந்து மணிக்கு மைதானத்துக்கு வர எந்தத் தொழிலாளிக்கு முடிந்திருக்கும்? ஆடுகளத்துக்கு வரும் நேரமும் போராடிக் காத்த நேரமே. அந்த நேரத்தில் ஒருவன் சாதித்ததை மதிப்பது, அந்த நேரத்தையே மதிப்பதாகும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். சொல்லக் கசப்பானது, ஆனால் உண்மை. சேரிப் பையன் அடித்த ஸ்மாஷுக்கு ஊரே கைதட்டுகிறது. ஆட்டம் முடிந்து தண்ணீர் குடிக்கப் போனால் தனித் தம்ளர் காத்திருக்கும் இடங்கள் இன்னும் உண்டு. கோப்பையைக் கோயில் திண்ணையில் வைப்பார்கள், வென்றவனைத் திண்ணையில் உட்கார விடமாட்டார்கள். இப்படிப்பட்ட ஊரில் என்ன பாராட்டு விழா நடத்தினாலும் அது பாராட்டல்ல, ஏமாற்று. ஒரே பந்தியில் சோறு, ஒரே குடத்தில் தண்ணீர். மாலைக்கு முன்னால் இதுதான் முதல் மரியாதை.

பெண்கள் விஷயமும் அப்படியே. பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடும் பெண் பிள்ளைகள் பதினேழு வயதில் எங்கே போய்விடுகிறார்கள்? கலியாணம், ஸ்பின்னிங் மில், விடுதி, பூட்டிய கதவு. கைசுகாவில் ஒரு நூற்பாலைப் பெண்கள் உலகத்தை வென்றார்கள் என்ற செய்தியை நமது மில்களில் வேலை செய்யும் பெண் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்களா? அவர்களுக்கென்று ஒரு வலை, ஒரு மணி நேரம் எந்த மில் வளாகத்தில் இருக்கிறது? கைசுகாவின் நள்ளிரவுப் பயிற்சியை நாம் கேட்கவில்லை. வேலை நேரத்துக்குள்ளோ அதற்குப் பின்னோ, தாங்களாக விரும்பி ஆட ஒரு மணி நேரம் கேட்கிறோம்.

ஆகவே, போட்டி நடத்தும் எல்லா ஸ்தாபனங்களுக்கும், முதலில் நமது சொந்த ஸ்தாபனங்களுக்கும், சில யோசனைகளை முன்வைக்கிறோம்:

1. மேடை நாற்காலிகள் ஆடியவர்களுக்கே. நன்கொடை கொடுத்தவர் பெயரைக் கணக்கு வாசிக்கும்போது வாசித்தால் போதும். கணக்கை விழா மேடையிலேயே வாசித்துவிட வேண்டும்.

2. சிறந்த ஆட்டக்காரரைப் பிரமுகர்கள் தேர்ந்தெடுக்க வேண்டாம். போட்டியில் கலந்துகொண்ட அணிகளே சீட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கட்டும். தன் அணிக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது என்று ஒரு விதி இருந்தால் போதும். எதிராளி கொடுக்கும் மரியாதையே மெய்யான மரியாதை.

3. ஸ்மாஷ் அடிப்பவருக்கு மட்டுமல்ல, லிஃப்டருக்கு ஒன்று, பந்தைத் தரையில் விழாமல் எடுத்தவருக்கு ஒன்று, மைதானத்தைக் காத்தவருக்கும் நடுவருக்கும் ஒன்று என்று மரியாதை பிரியட்டும். அந்த வேப்பமரத்தடிப் பெரியவர்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். தேட வேண்டியதில்லை, திரும்பிப் பார்த்தால் போதும்.

4. பிளாஸ்டிக் கேடயங்களைக் குறையுங்கள். அந்தக் காசில் ஒரு ஜோடி காலணி, முழங்கால் உறை, நல்ல பந்து வாங்கித் தரலாம். ஆட்டத்தில் முழங்கால் முறிந்த கூலித் தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலியை ஈடுகட்ட ஒரு நிதி இருக்கட்டும். அடிபட்டவனை மறந்துவிட்டு ஜெயித்தவனை மட்டும் தூக்கி ஆடுவது நம் பண்பல்ல.

5. ஊருக்கொரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். எந்த வருஷம் யார் ஆடினார்கள், யார் ஜெயித்தார்கள், யார் நடுவர், யார் கோடு போட்டார் என்று எழுதி வையுங்கள். பிரமுகர் பெயர் கல்லில் இருக்கிறது. உழைப்பாளியின் பெயர் காகிதத்திலாவது இருக்கட்டும்.

6. மைதானத்தைக் காப்பாற்றுங்கள். ஒன்பது சென்ட் புறம்போக்குதான், ஆனால் அதற்கும் வேலி போட ஆள் வருகிறார்கள். மே 1ந் தேதி கிராம சபை கூடுகிறது. விளையாட்டு மைதானமாக அந்த இடத்தைப் பதிவு செய்யவேண்டும் என்ற தீர்மானத்தை ஆட்டக்காரர்களே எழுதிக்கொண்டு போகட்டும். மைதானம் போனபின் யாருக்கு எந்த மாலை போட்டு என்ன பிரயோஜனம்?

இவற்றில் எதற்கும் லட்ச ரூபாய் தேவையில்லை. பிரமுகரின் நன்கொடை நின்றுவிடுமே என்று பயப்படுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: வீட்டுக்குப் பத்து ரூபாய், படி நெல் என்று ஊர் சேர்ந்தால் ஒரு போட்டியை நடத்த முடியும். வேலைநிறுத்த காலத்தில் உண்டியல் குலுக்கிக் குடும்பங்களைக் காத்தவர்கள் நாம். ஒரு வலையும் பந்தும் வாங்க நம்மால் முடியாதா?

சாதனையைப் பாராட்டுவது தனிமனிதனைத் தூக்கிவைத்துக் கும்பிடுவதல்ல. அந்த வியாதி நமக்கு வேண்டாம். 'உன் உழைப்பை நாங்கள் பார்த்தோம்' என்று பலர் கூடி ஒருவரிடம் சொல்வதே பாராட்டு. ஆலையில் அவன் ஒரு டோக்கன் நம்பர். வயலில் அவன் ஒரு ஆள் கணக்கு. மைதானத்தில்தான் அவன் பெயர் சொல்லிக் கூப்பிடப்படுகிறான். அந்தப் பெயரை ஊர் மறக்காமல் வைத்திருக்க வேண்டும்.

அடுத்த பொங்கலுக்குப் பின் வலை கட்டும்போது, நமது தோழர்கள் நடத்தும் போட்டிகளிலாவது மேடை மாறியிருக்க வேண்டும். அழைப்பு வந்தால் நாமும் வருவோம். நாற்காலி வேண்டாம், சால்வை வேண்டாம். தரையில் உட்கார்ந்து கைதட்டுவோம். விழா முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்க அந்தப் பெரியவருக்கு ஒரு கை கொடுப்போம்.